வெள்ளிக்கிழமைகளில் கழன்ற செயின்

சண்டிலிப்பாய்ச் சந்தி. காலை ஒன்பது மணி வெயில். நான் நடுத்தெருவில் குந்தியிருக்கிறேன். உடுத்தியிருப்பது வெள்ளைச் சீலை. இரண்டு கைகளும் மணிக்கட்டுக்கு மேலே கறுப்பு. என் சைக்கிள் மதகுக் கட்டில் சாய்ந்து நிற்கிறது. அதன் செயின் கழன்று செம்மண்ணில் தொங்குகிறது.

சுற்றி ஒரு பதினைந்து பேர். ஒருவரும் உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் உதவினார்கள், வாயால்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்ப் பொம்பிளைப்பிள்ளை சைக்கிள் ஓடினால் உப்பிடித்தான்” என்றார் வாழைக்குலை கொண்டுவந்த ஒருவர்.

“நான் போன கிழமையே சொன்னனான். உந்தச் செயினுக்கு ஒரு காவல் போடவேணும்” என்றார் சின்னராசா அண்ணை. சந்தியில் சைக்கிள் திருத்துகிறவர் அவர்தான்.

“ஒற்றைப் பல்லுச் சக்கரத்துக்குக் காவல் என்னத்துக்கண்ணை?” என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே செயினைப் பல்லில் கொளுவினேன். ஏறி ஓடினேன். பின்னால் சிரித்தார்கள். காது கேட்காதவள் போலப் போய்விட்டேன்.

பிள்ளைப்பேறு பார்க்க என்னைக் கூப்பிட்ட வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பக்கத்து வளவு மனிசி ஒருத்தி பிள்ளையைக் கையில் வாங்கியிருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் கறுத்த கைகளைப் பார்த்து இரக்கப்பட்டாள்.

ஓடப் பழகியது

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நான் மருத்துவிச்சி என்பது தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கொழும்பில் பயிற்சி முடித்து, சொந்த ஊரான சண்டிலிப்பாய்க்கே நியமனம் பெற்று வந்தேன். இரண்டாம் உலகப்போர் தொடங்க இன்னும் சில வருடங்கள் இருந்தன. மூன்று ஊர்களை என்னிடம் தந்தார்கள். என் வயதில் மூன்று ஊர் வேறு ஒருத்திக்கும் கொடுத்ததில்லை. அதில் எனக்கு இருந்த பெருமையை மறைக்கப் போவதில்லை.

மூன்று ஊர்களையும் மாட்டு வண்டிலில் பார்க்க முடியாது. வண்டில்காரன் வெற்றிலை போட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, நுகத்தைப் பூட்டுவதற்குள் பிள்ளை பிறந்து பால் குடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே சைக்கிள் வாங்கினேன். ஊர் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அம்மா விற்றுவிட்டுப் போன சைக்கிள் அது. நடுவில் குறுக்குக் கம்பி இல்லை. சீலை மாட்டாமல் இருக்கச் செயினின் மேற்பக்கத்தில் ஒரு தகட்டு மூடி. கீழ்ப்பக்கம் திறந்தபடி.

ஓடப் பழகியது புகையிலை வெட்டி முடிந்த தோட்டத்தில். விழுந்தால் மண் மெதுமையாக இருக்கும். அம்மா வரம்பில் நின்று, “காலை மடக்கு, காலை மடக்கு” என்று கத்துவாள். அவள் வாழ்நாளில் சைக்கிளைத் தொட்டதும் இல்லை. ஆனாலும் சொல்லித்தந்தாள்.

அப்பு வரவில்லை. அப்பு என்றால் என் தகப்பனார். புகையிலைச் செய்கைக்காரர். சைக்கிள் வீட்டு வளவுக்குள் வந்த அன்றைக்கு அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

“உது வளவுக்கை நிக்கட்டும். நான் வேண்டாமெண்டேல்லை. ஆனால் என்ரை கண்ணிலை படக்கூடாது.”

அன்றோடு என்னுடன் கதைப்பதை நிறுத்திவிட்டார். சைக்கிளை மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதை நான் உருட்டிக்கொண்டு வாசற் படலைக்கு வரும்போதெல்லாம் அப்பு கிணற்றுப் பக்கம் திரும்பிவிடுவார். எனக்குச் சோறு போட்டாச்சா என்று அம்மாவிடம் கேட்பார். நான் அவருக்கு முன்னால்தான் இருப்பேன். எட்டு மாதம் இப்படிப் போனது. எனக்கும் வீம்பு. நானும் போய்க் கதைக்கவில்லை.

ஏழாவது மாதக் கடைசியில் ஒரு நாள் மதகடியில் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்து விழுந்தேன். முழங்காலில் நல்ல காயம். நொண்டிக்கொண்டு படலைக்குள் வந்தேன். அப்பு பார்த்தார், திரும்பிக்கொண்டார். அன்றிரவு நான் அழுதது காயத்துக்காக அல்ல.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் செயின் முதல் தடவை கழன்றது.

காவல் தேவையா, இல்லையா

சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்னால் பெடலோடு ஒரு பற்சக்கரம். பின்சில்லோடு ஒரு சின்னப் பற்சக்கரம். இரண்டையும் சுற்றி ஒரு செயின். அவ்வளவுதான். இரண்டு சக்கரமும் நேருக்கு நேர் நின்றால், செயின் அளவான இறுக்கத்தில் இருந்தால், அது எங்கே போகும்? பக்கத்தில் போவதற்கு அதற்கு ஒரு வேலையும் இல்லை.

சின்னராசா அண்ணை சொன்ன காவல் என்பது இரண்டு சின்ன இரும்புத் தகடு. முன் சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. செயின் சாய்ந்தால் தகட்டில் முட்டித் திரும்பவும் பல்லில் ஏறும். அவர் கெட்ட மனிதர் இல்லை. தன் கையாலேயே தகடு அடித்துத் தருவதாகச் சொன்னார்.

“பள்ளத்திலை விழுந்து எழும்பேக்கை செயின் துள்ளும் பிள்ளை. துள்ளினால் கழரும். காவல் இருந்தால் கழராது.”

“அப்ப மற்ற நாளிலை பள்ளம் இல்லையோ அண்ணை?”

அவர் அடுத்த சைக்கிளைத் திருத்தக் குனிந்துவிட்டார். எனக்கே அப்போது என் கேள்வியின் பெறுமதி தெரியவில்லை.

கொடிகாமத்தில் எனக்கு ஒரு மச்சான் இருந்தார். சந்தைக்குத் தேங்காய் கொண்டுபோகிறவர். சைக்கிளின் இரண்டு பக்கமும் பனையோலைக் கடகம் கட்டி, நடுவில் இன்னொரு சாக்கு ஏற்றி, சைக்கிளே வெளியில் தெரியாமல் ஓடிக்கொண்டு போவார். அவருடைய செயினுக்கு மூடியும் இல்லை, காவலும் இல்லை. எங்கள் தெருவைவிட இரண்டு மடங்கு பள்ளமான தெரு. ஒரு கல்யாண வீட்டில் கண்டபோது கேட்டேன், உங்கள் செயின் கழருவதில்லையா என்று. அவர் என்னைப் பார்த்த பார்வையில், உங்கள் பல்லு நடக்கும்போது விழுவதில்லையா என்று நான் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன்.

அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். என் செயினுக்கு ஏதோ நோய், ஏதோ வருத்தம். வருத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளை குறுக்கே கிடந்தால் வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுகிறவள் மருத்துவிச்சி இல்லை. கையை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே தலை, எங்கே கால் என்று பார்க்க வேண்டும்.

கெட்டிக்காரி மாதிரி எழுதுகிறேன். ஆனால் முடிவு கட்டினேனே தவிர, அதற்குப் பிறகும் செயின் கழன்றது. மூன்றாவது தடவைதான் நான் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சந்தி.

டொக்டரின் தவணை

எங்களுக்கு மேலே ஒரு வைத்திய அதிகாரி இருந்தார். நேர்மையானவர். சிரிப்பதைச் செலவு என்று நினைப்பவர். திங்கட்கிழமை கூப்பிட்டார்.

“பொன்னம்மா, தாயும் பிள்ளையும் தப்பினது உங்களாலை இல்லை.”

“ஓம் டொக்டர்.”

“ஒண்டில் செயினுக்குக் காவல் போடுங்கோ. இல்லாட்டில் சைக்கிளை விட்டிட்டு வண்டிலிலை போங்கோ. வண்டிலிலை மூண்டு ஊர் பார்க்கேலாது. இரண்டு ஊரை வேறை ஆளிட்டைக் குடுக்கிறன்.”

அந்த இரண்டு ஊர்களிலும் எந்த வீட்டில் எத்தனையாம் மாதம் என்பது எனக்கு மனப்பாடம். அதை இன்னொருத்தி கையில் கொடுப்பதா?

“டொக்டர், காய்ச்சல்காரனைக் கட்டிலோடை கட்டிப்போட்டால் காய்ச்சல் மாறுமே?”

அவர் பேனையைக் கீழே வைத்தார். நான் வேலையை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

“மாறாது” என்றார். “அப்ப காய்ச்சல் எதாலை எண்டு கண்டுபிடியுங்கோ. வாற வெள்ளிக்கிழமை தாய்மார் கிளினிக்குக்கு அதே சைக்கிளிலை வாங்கோ. செயின் கழராமல் வந்தால் மட்டும் காணாது. காரணம் சொல்லவேணும். காரணம் தெரியாமல் நான் விடேலாது.”

வீட்டுக்கு வந்து என் பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். எந்த வீட்டுக்கு எப்போது போனேன், ஏன் பிந்தினேன் என்று எல்லாம் அதில் எழுதியிருப்பேன். செயின் கழன்ற மூன்று நாளும் வெள்ளிக்கிழமை. வாழைக்குலைக்காரர் சொன்னது சரி. எனக்கு எரிச்சல் வந்தது. செயினுக்குக் கிழமை தெரியுமா?

வியாழக்கிழமை பின்னேரம் செயினைக் கழற்றி, மண்ணெண்ணெய்ச் சட்டியில் ஊறப்போட்டு, ஒவ்வொரு கண்ணியாகப் பழந்துணியால் துடைத்தேன். எண்ணெய் விட்டேன். கையில் தூக்கிப் பிடித்தால் பாம்புக்குட்டி போல வளைந்தது. ஒரு குறையும் இல்லை. மாட்டிவைத்துவிட்டுப் படுத்தேன்.

கொட்டிலுக்குப் பின்னால்

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பெடலைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றினேன். செயின் கீழே ஓடி வந்தது. ஓரிடத்தில் மட்டும் நான்கைந்து கண்ணிகள் வளையவில்லை. மடக்க மறந்த முழங்கை போல விறைத்து நின்றன. பின்னாலுள்ள சின்னப் பற்சக்கரத்தில் வந்ததும் அந்த இடம் பல்லில் இருக்காமல் மேலே எழும்பியது.

நேற்று இல்லாத வருத்தம் இன்று எப்படி வந்தது?

விரலை வைத்தேன். எண்ணெயோடு குழைந்து ஈரமாக ஏதோ ஒட்டியது. ஓரத்தில் காயத் தொடங்கியிருந்தது. மூக்கில் வைத்தேன்.

சந்தனம்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எங்கள் வளவில் வெள்ளிக்கிழமை விடியமுதல் கிணற்றில் தோய்ந்து, கோயிலுக்குப் போய், சந்தனத்தோடு திரும்புகிற ஆள் ஒருவர்தான். மண்வெட்டிக்கும் ஏருக்கும் கிணற்றுத் துலாவுக்கும் சந்தனம் வைக்காமல் வேலை தொடங்காத மனிதர் அவர். மண்வெட்டி சந்தனத்தால் இறுகாது. செயின் இறுகும். கண்ணிகளுக்குள் புகுந்து, ஒன்பது மணி வெயிலில் காய்ந்து, செம்மண் தூசியோடு சேர்ந்து கல்லாகும். செயின் கழன்று நான் கொளுவி, எண்ணெய் விட்டு ஓட ஓட அது உடைந்து கொட்டிவிடும். சனிக்கிழமை நான் பார்க்கும்போது ஒன்றுமே இருக்காது.

அப்பு கிணற்றடியில் நின்றார். நான் நேரே போனேன்.

“அப்பு, செயினிலை சந்தனம் பூசினது நீங்களே?”

எட்டு மாதத்துக்குப் பிறகு நான் அவரிடம் கேட்டது அதுதான். அவர் துலாக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓம்.”

“கை பிடிக்கிற காண்டிலிலை பூசியிருக்கலாமே?”

“காண்டிலிலை பூசினால் ஊர் காணும்” என்றார். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, “செயின்தானே உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது” என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எது முதல் வெளியே வந்தது என்று கேட்டால், கோபம்தான்.

“உங்கடை சந்தனத்தாலைதான் அப்பு செயின் கழண்டது. மூண்டு தரம். நடுத்தெருவிலை நிண்டனான்.”

அவர் முகம் சுருங்கிப்போனது.

“நான் வேறை மாதிரியெல்லே நினைச்சன்” என்றார் மெல்ல. “முழங்காலை உடைச்சுக்கொண்டு வந்தியே, அதுக்குப் பிறகுதான் தொடங்கினனான். செயின் கழண்டது எண்டு கேள்விப்பட்டன். கழண்டும் நீ விழேல்லை. சந்தனம்தான் காப்பாத்தினது எண்டு போட்டு, அடுத்த முறை கொஞ்சம் கூடப் பூசினன்.”

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. ஏழு மணி ஆகிவிட்டது, கிளினிக் எட்டரைக்கு.

மண்ணெண்ணெய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பு என் பின்னால் வந்தார். சைக்கிளின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். கண்ணில் படக்கூடாது என்று சொன்ன அதே சைக்கிளை. நான் பெடலைச் சுற்றிச் சுற்றிக் கண்ணி கண்ணியாகக் கழுவினேன். டொக்டர் காரணம் கேட்டதையும், சொல்லாவிட்டால் இரண்டு ஊர் போகும் என்பதையும் கழுவிக்கொண்டே சொன்னேன். அவர் இறக்கி வைக்கவில்லை.

காரணம்

அன்றைக்குச் சந்தியில் எனக்காகவே ஆட்கள் நின்றார்கள். சின்னராசா அண்ணை கடை வாசலில் நின்றார். கையில் ஒரு கடதாசிப் பொட்டலம். நான் கேட்காமலே காவல் தகட்டை அடித்துவிட்டார். நான் நிற்கவில்லை. மதகில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, செயின் கழராமல் கிளினிக் வாசலில் போய் இறங்கினேன். என் கைகள் வெள்ளையாக இருந்தன. அதைத் தாய்மார் எல்லோரும் பார்க்கட்டும் என்று விரல்களை விரித்துக்கொண்டே உள்ளே போனேன்.

டொக்டர் சைக்கிளை ஒருமுறை பார்த்தார்.

“நல்லது. காரணம் என்ன?”

“கண்ணிக்கை ஒரு சாமான் இறுகி இருந்தது டொக்டர். கழுவிப்போட்டன்.”

“என்ன சாமான்?”

சுவரோர நீட்டு வாங்கில் தாய்மார் இருக்கிறார்கள். ஊர் முழுக்க இருக்கிறது என்று அர்த்தம். மகளுடன் கதையாத மனிதர், யாருக்கும் தெரியாமல் கொட்டிலுக்குப் பின்னால் போய் அவள் சைக்கிளுக்குச் சந்தனம் பூசினார் என்பது, மத்தியானத்துக்கு முன் சந்தைக்குப் போய்விடும். பூசி அதைப் பழுதாக்கியும் விட்டார் என்பது இன்னும் முன்னாலே போய்விடும்.

“அது வீட்டு விஷயம் டொக்டர். இனி வராது.”

“வீட்டு விஷயம் எண்டு நான் மேலிடத்துக்கு எழுதேலாது” என்றார். “காரணம் சொல்லாட்டில் காவல் போடுங்கோ. காவலும் வேண்டாம், காரணமும் வேண்டாம் எண்டால் இரண்டு ஊரையும் விடுங்கோ.”

காவலைப் போட்டுக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம் என்று இன்றைக்கு நீங்கள் நினைப்பீர்கள். நானும் அந்த நிமிடம் நினைத்தேன். போட்டால் என்ன? இரண்டு தகடு. ஆனால் தேவையில்லாத ஒன்றைத் தேவை என்று கையெழுத்து வைக்க எனக்கு வரவில்லை. அதைப் பார்த்து, பொம்பிளை ஓடினால் காவல் வேண்டும் என்று அடுத்து வருகிறவளுக்கும் சொல்வார்கள். அப்புவின் மானத்தை விற்கவும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். டொக்டர் கடதாசியை இழுத்து எழுதத் தொடங்கினார்.

“சந்தனம் ஐயா.”

வாசலில் அப்பு நின்றார். தோட்டங்களுக்குள்ளால் குறுக்கே நடந்து வந்திருக்க வேண்டும். முழங்கால் வரை செம்மண். சால்வையைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் சின்னராசா அண்ணை பொட்டலத்தோடு நின்றார்.

“செயினுக்குச் சந்தனம் பூசினது நான். பிள்ளைக்குத் தெரியாது. சைக்கிளிலும் பிழையில்லை, அவளிலும் பிழையில்லை.”

“ஏன் பூசினீங்கள்?” என்று டொக்டர் கேட்டார்.

“விழக்கூடாது எண்டு.”

வாங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. டொக்டர் குரலை இறக்கிக் கேட்டார்:

“அப்ப இந்தச் சைக்கிளுக்குக் காவல் தேவையில்லை எண்டுறியள்?”

“அதை அவளிட்டைக் கேளுங்கோ” என்றார் அப்பு. “சைக்கிள் விஷயம் அவளுக்குத்தான் தெரியும்.”

“தேவையில்லை டொக்டர்” என்றேன்.

அவர் எழுதியதைக் கிழித்தார். சின்னராசா அண்ணை பொட்டலத்தை மடியில் செருகினார்.

திரும்பிய வழி

கிளினிக் முடியும் வரை அப்பு வெளியே வேப்பமர நிழலில் இருந்தார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவருடன் நடந்தேன். பின்னால் ஏறுங்கோ என்றேன். அதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. வழியில் புகையிலைக்குத் தண்ணீர் காணாது என்றார், அம்மாவின் கால்வீக்கம் பற்றிக் கேட்டார். எட்டு மாதக் கதையை ஒரே நாளில் கதைத்து முடிக்க எங்களுக்கு வராது.

சந்தி வந்தது. காலையில் நின்றவர்களில் பாதிப் பேர் இன்னும் நின்றார்கள். அப்பு நின்றுவிட்டார்.

“ஏறு பிள்ளை” என்றார்.

“வேண்டாம் அப்பு. வீடு கிட்டத்தானே. நடப்பம்.”

“ஏறி ஓடு” என்றார் அவர், சந்தியில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற குரலில். “நீ ஓடி நான் இன்னும் பார்க்கேல்லை.”